முகம் காட்டாத மேசை

ஒன்பதாவது பலகையும் கைவிட்டது.

மினுமினுப்பை அளக்கும் மீட்டரை எடுப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தேய்ப்பு மிஷினின் கம்பளிக் கட்டை இருநூறு முறை போய்வந்த இடம், ஜன்னல் வெளிச்சத்தில் நத்தை ஊர்ந்துபோன தடம் மாதிரி மின்னியது. இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. பலகையை மேசையில் படுக்கவைத்து, மீட்டரை அதன் மேல் உட்காரவைத்து, பொத்தானை அமுக்கினாள். பத்து. இருக்க வேண்டியது மூன்று. போனால் போகிறது என்று நான்கு வரை பொறுத்துக்கொள்ளலாம். பத்து வந்தால் அதற்கு மேட் ஃபினிஷ் என்று பெயர் வைப்பதே ஊரை ஏமாற்றுகிற வேலை.

"என்ன பாப்பா, இதுவும் பல்லைக் காட்டிடுச்சா?"

வாசலில் சித்தப்பா நின்றிருந்தார். அப்பாவின் கடைசித் தம்பி. அந்த வார்னிஷ் கம்பெனியில் முப்பது வருடமாக ஸ்ப்ரே கன் பிடிப்பவர். அவளுக்கு முப்பத்தாறு வயது. கலவை அறை முழுவதும் அவள் பொறுப்பு. மற்றவர்கள் எல்லாரும் அவளைக் 'கலவைக்காரம்மா' என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார்கள். சித்தப்பாவுக்கு மட்டும் அவள் பாப்பா.

"காட்டிடுச்சு சித்தப்பா."

"நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்குவே. பளபளன்னு இருக்கிறதுதான் மரத்துக்கு அழகு. ஒரு காலத்துல நான் அடிச்ச பீரோ முன்னாடி நின்னு ஜனங்க தலை சீவிட்டுப் போவாங்க. நீ என்னடான்னா, குளிக்காத புள்ளை மாதிரி ஒரு ஃபினிஷ் கேக்குறே. மரமே வெட்கப்பட்டு மினுமினுக்குது."

"நாளைக்குப் பத்தாவது கலவை தர்றேன். அடிச்சுக் குடுங்க, போதும்."

"அடிச்சுக் குடுக்குறேன். என் கைக்கு என்ன வேலை?" தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு நகர்ந்தார்.

மினுமினுப்பில்லாத பூச்சு என்றால் ஏதோ ஒன்றைப் போடாமல் விடுவது என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது தலைகீழ். எந்த வார்னிஷும் தன்பாட்டுக்கு விட்டால் குளம் மாதிரி சமமாகப் படுத்து மின்னத்தான் செய்யும். அதில் கண்ணுக்குத் தெரியாத பொடியைக் கலந்து, மேல்பரப்பில் கோடிக்கணக்கான குட்டி மலைகளை எழுப்ப வேண்டும். வந்து விழுகிற வெளிச்சம் அந்த மலைகளில் மோதி நாலா பக்கமும் சிதறும். ஒரே திசையில் திரும்பிப் போகாததால் கண்ணைக் குத்தாது. மலைகளை எழுப்புவது சுலபம். எழுப்பிய மலைகளை நிற்கவைப்பதுதான் கஷ்டம். மனிதர்கள் முழங்கையை ஊன்றுகிறார்கள், புத்தகத்தை இழுக்கிறார்கள், துடைக்கிறார்கள். நாளடைவில் மலை தேய்ந்து மைதானமாகிறது; மைதானம் மறுபடி குளமாகிறது.

நிற்கிற மலை வேண்டும். அதுவும் இருபத்தைந்தாம் தேதிக்குள் வேண்டும். இன்னும் பதினாறு நாள்.

*

அந்தத் தேதியின் கதை அவள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தது, தொப்பி போட்டுக்கொண்டு.

அவள் கணவன் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவனாக இருந்தான். இரண்டு வருடத்துக்கு முன்பு கண்ணில் ஒரு வியாதி வந்து, போகும்போது ஒரு வடுவை விட்டுப்போனது. பார்வை போகவில்லை. ஆனால் வெளிச்சம் எங்காவது பட்டுத் தெறித்தால், அந்தத் தெறிப்பு அவன் கண்ணுக்குள் பரவி எல்லாவற்றையும் மூடிவிடும். கண்ணாடி போட்ட அலமாரி, மெழுகிய தரை, கரண்டி, நாணயம், ஈரமான இலை எல்லாமே அவனுக்கு ஊசி. வீட்டில் இருக்கும்போதும் முன்பக்கம் நீண்ட தொப்பி. அச்சகத்தின் பளபளத் தாளில் இரண்டே மாதம் போராடிப் பார்த்துவிட்டு வேலையை விட்டான்.

"நம்ம வீட்டுல கரண்டிக்குக்கூட முக்காடு போட்டிருக்கோம்" என்பான், விருந்தினர் யாராவது வந்தால். "பொண்ணு பார்க்க வந்த மாதிரி ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டுவா."

போன வருடக் கடைசியில் நகர நூலகம் ஒரு முடிவு எடுத்தது. வெளிச்சம் ஆகாத கண்களுக்காகத் தனியாக ஒரு வாசிப்பறை. வடக்குப் பார்த்த ஜன்னல்கள், சுண்ணாம்புச் சுவர், பெரிய எழுத்துப் புத்தகங்கள், நிறுத்திவைக்கும் உருப்பெருக்கிகள், பன்னிரண்டு மர மேசைகள். அந்த அறையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றபோது, அவன் விண்ணப்பித்தான். கிடைத்தது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி வேலையில் சேர வேண்டும்.

மேசைகளுக்குப் பூச்சு போடும் வேலை அவள் கம்பெனிக்கு வந்தது. முதலில் ஒரே ஒரு மேசையை மாதிரிக்குச் செய்து நூலகத்தின் பொது அறையில் போட்டார்கள். முதல் இரண்டு நாள் அவன் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு, திரும்பி வரும்போது வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். "மேசைன்னு ஒண்ணு இருக்கிறதே தெரியல. புத்தகம் மட்டும்தான் இருந்துச்சு." இரண்டு வருடத்தில் அவன் ஒரே மூச்சில் நாற்பது பக்கம் படித்தது அப்போதுதான்.

மூன்றாவது வாரம் போனவன் பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டான். மேசை மின்ன ஆரம்பித்திருந்தது. எங்கே, எப்படி என்று அவனால் சொல்ல முடியவில்லை. கண்ணுக்குள் வெள்ளம் வந்த பிறகு எந்தக் குழாய் உடைந்தது என்று யார் பார்ப்பார்கள்? நூலகர் மேசையைத் திருப்பி அனுப்பினார். கூடவே ஒரு கடிதம்: இருபத்தைந்தாம் தேதிக்குள் மின்னாமல் நிலைக்கும் பூச்சைக் காட்டினால் சரி, இல்லாவிட்டால் பழைய மேசைகளையே துணி விரித்துப் போட்டுக்கொள்கிறோம். பழைய மேசைகள் சித்தப்பா காலத்துப் பளபளப்பு. உருப்பெருக்கி துணி மேல் நிற்காது. துணி விலகினால் கத்தி மாதிரி வெளிச்சம் வெட்டும்.

"போர்வைக்கு மேல படிக்கிறதா இருந்தா நான் கட்டில்லயே படிப்பேனே" என்று அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு சரியாக வரவில்லை. அன்று முதல் அவன் அந்த வேலையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டான். வேலை உத்தரவுக் கடிதத்தை மட்டும் மேல் ஷெல்ஃபில், அகராதிக்கு அடியில், மடங்காமல் வைத்திருந்தான்.

*

பத்தும் பதினொன்றும் அதே மாதிரிப் பல்லைக் காட்டின. பத்தாவதில் பொடிக்குப் பதிலாக, எப்போதோ ஒரு விற்பனையாளர் கொடுத்துவிட்டுப் போன சாம்பிள் பாக்கெட்டிலிருந்து, அழுத்தினால் அமுங்கி விட்டால் நிமிரும் நுண்ணிய உருண்டை மணிகளைக் கலந்திருந்தாள். அதன் மேல் அவளுக்குக் கொள்ளை நம்பிக்கை. அதுவும் பத்தைத் தொட்டது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பதினொரு கலவைகள், பேசிவைத்துக்கொண்ட மாதிரி, ஒரே எண்ணில் போய் நின்றன. இன்னொரு விசித்திரமும் இருந்தது. மிஷினில் ஏற்றுவதற்கு முன்பே, புதுப் பலகையிலேயே, மூன்று வர வேண்டிய இடத்தில் ஐந்தோ ஆறோ வந்தது. தன் கணக்கில்தான் எங்கோ ஓட்டை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு கலவையிலும் ஒரு பலகையைத் தேய்க்காமல், ஒப்பிட்டுப் பார்க்கத் தனியாக எடுத்துவைப்பது வழக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை, பத்தாவது கலவையின் தேய்க்காத பலகையை வீட்டில் பையிலிருந்து எடுத்தாள். அவன் கேட்டு வாங்கிக்கொண்டான்.

"மீட்டர் சொல்றதை விடு. நான் பாக்குறேன்."

ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தொப்பியை இறக்கிவிட்டு, பலகையை மடியில் வைத்து மெல்ல மெல்லச் சாய்த்தான். அச்சுத்தாள் பார்க்கிற அதே பார்வை. ஒரு வரி தவறாமல், இடது ஓரத்திலிருந்து.

"இதை யாரும் தொடலையா?"

"மிஷின்ல ஏத்தவே இல்ல. பூசினது பூசினபடி இருக்கு."

"அப்படின்னா இது என்ன?" விரலைப் பலகைக்கு மேலே, படாமல், ஓட்டினான். "இங்க ஆரம்பிக்குது. நாலு விரல் அகலம். நேரா வலது பக்கம் போகுது. கடைசியில பாரு, மேல ஒரு கொக்கி மாதிரி வளைஞ்சு முடியுது. யாரோ கையெழுத்துப் போட்ட மாதிரி இருக்கு."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உனக்கு அது வெறும் வெளிச்சம். எனக்கு வலிக்குது. வலிக்கிற இடம் தெரியாதா?" என்றான். பிறகு, இரண்டு மாதத்தில் முதல் தடவையாக, அவன் குரலில் பழைய துடுக்கு எட்டிப்பார்த்தது. "பதினொரு பதிப்புலயும் ஒரே பிழைன்னா, பிழை எழுதினவன்கிட்ட இல்லம்மா. அச்சுக் கோக்குறவன்கிட்ட."

*

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு அவள் கலவை அறையில் கையைக் கட்டிக்கொண்டு, எந்த வேலையும் செய்யாமல், வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்தப்பா உலர்த்தும் அறையிலிருந்து பலகைகளை எடுத்துவந்தார். வாசற்படியில் நின்றார். இடது கையில் பலகை; வலது கை தோளிலிருந்து துண்டை உருவியது; இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு; கடைசியில் மணிக்கட்டை மேலே சுண்டி ஒரு வளைப்பு. குழந்தையைக் குளிப்பாட்டி, கடைசியாக நெற்றி முடியை ஒதுக்கிவிடுகிற மாதிரி. பிறகு துண்டு மறுபடி தோளுக்குப் போனது.

"இந்தா பாப்பா, மேல தூசி இல்லாம கொண்டாந்துட்டேன்."

வருடக்கணக்காகத் தினமும் காலையில் இதைப் பார்த்திருக்கிறாள். கடிகார முள் நகர்வதைப் பார்க்கிற மாதிரி, பார்த்தும் பார்க்காமல்.

அவள் பலகைகளை வாங்கிவைத்துவிட்டு நேரே கிடங்குக்குப் போனாள். நூலகம் திருப்பி அனுப்பிய மேசை சாக்கு போர்த்திக்கொண்டு ஒரு மூலையில் நின்றது. சாக்கை விலக்கி, தரையோடு தரையாகக் குனிந்து, வாசல் வெளிச்சத்தை மேசை மேல் வாங்கிப் பார்த்தாள். முழங்கை ஊன்றுகிற இடத்தில் ஒன்றும் இல்லை. மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, எந்த வாசகனின் கையும் போகாத பாதையில், நான்கு விரல் அகலப் பட்டைகள் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக ஓடின. ஒவ்வொன்றின் கடைசியிலும் கொக்கி.

ஆனால் கணக்கு இன்னும் உதைத்தது. மேசை நூலகத்துக்குப் போனபோது நன்றாகத்தானே இருந்தது? பூச்சு காய்ந்ததும் நேரே வண்டியில் ஏறிய மேசை அது; துண்டு படவே இடமில்லை. மூன்றாவது வாரம் எப்படி இவ்வளவு மின்னும்?

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நூலகத்துக்கு நடந்தாள். பொது அறையைப் பெருக்கித் துடைக்கும் அம்மா படிக்கட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"மாதிரிக்குப் போட்டிருந்தாங்களே, அந்த மேசையா? அதை நான் தொடவே இல்லம்மா. எனக்கு எதுக்கு வம்பு? அதான் உங்க ஆளு வாராவாரம் வந்து பாத்துக்கிட்டாரே."

"எங்க ஆளா?"

"வெள்ளை மீசை, தோள்ல துண்டு. சனிக்கிழமை ஆனா டாண்ணு வந்துடுவாரு. சுத்திச் சுத்திப் பாப்பாரு, ஒரு தூசு இருந்தா மனசு கேக்காது, முழு மேசையையும் அழுத்தித் துடைச்சுட்டுத்தான் போவாரு. 'நான் பூசினது'ன்னு என்கிட்ட சொல்லுவாரு பாரு, பொண்ணு குடுத்த வீட்டுக்கு வந்த அப்பா மாதிரி இருக்கும். ஏன், வரக்கூடாதா?"

"வரலாம்மா" என்றாள் அவள். "நல்லா வரலாம்."

திரும்பி வரும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச தூரத்தில் சிரிப்பு நின்றது.

*

எப்படிச் சொல்வது என்று தெரியாததால் வேதியியலிடம் ஒப்படைத்தாள். சித்தப்பா கை கழுவப் போயிருந்தபோது, ஆணியில் தொங்கிய துண்டின் ஒரு முனையை வெந்நீர்க் குவளையில் முக்கினாள். இரண்டு நிமிடத்தில் நீரின் மேல் ஓர் ஆடை படர்ந்தது. மெழுகு. முப்பது வருடம் பீரோக்களுக்கும் கதவுகளுக்கும் கடைசிப் பளபளப்பு ஏற்றிய மெழுகு பாலிஷ், எத்தனை துவைத்தும் போகாமல், நூலுக்கு நூல் குடியிருந்தது. ஒரு துண்டு கிழிந்தால், பழையதைக் கிழித்துப் புதியதன் உள்ளே வைத்துத் தைத்துக்கொள்வார் சித்தப்பா. "பழகின துணிக்குத்தான் கை தெரியும்" என்பார். அந்தத் துணி அவளுடைய குட்டி மலைகளுக்கு நடுவே மெழுகை அப்பியது. பிறகு தேய்ப்பு மிஷின் வந்து, அப்பிய மெழுகுக்கு இருநூறு முறை மெருகேற்றியது.

"துண்டைச் சூப்பு வைக்கிறியா?"

அவள் திரும்பினாள். சித்தப்பா குவளையைப் பார்த்தார், ஆடையைப் பார்த்தார், மேசை மேல் வரிசையாகக் கிடந்த பதினொரு பலகைகளைப் பார்த்தார். அவருக்கு யாரும் வேதியியல் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"நானா பாப்பா?"

"சித்தப்பா, நீங்க வேணும்னு..."

"நூலகத்து மேசையும்?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தன் வலது கையையே, அது யாருடையதோ என்பது போல், பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை உக்கார்ற மேசைன்னு கூடுதலா அழுத்திட்டேன்" என்றார்.

அந்த நேரம் பார்த்து முதலாளியம்மா உள்ளே வந்தாள். கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டுக்கொண்டு விஷயத்தைக் கேட்டாள். கேட்டு முடித்ததும் கையைத் தட்டினாள்.

"அப்பாடா! கலவையில தப்பில்ல. துண்டை வீட்டுல வெச்சுட்டு வாங்க அண்ணே. துடைக்காம ஒரு பலகை அடிங்க, மீட்டர் என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

மறுநாள் பார்த்தார்கள். துண்டு படாத ஏழாவது கலவை மூன்றில் ஆரம்பித்து, மிஷினில் ஓடிய பிறகும் நான்கில் நின்றது. முதலாளியம்மா பலகையை முத்தமிடாத குறை. "ஏழாவதையே அனுப்பிடலாம். அண்ணன் அந்தப் பக்கம் போகாம இருந்தா போதும். கதை முடிஞ்சது."

"நான் அந்தத் தெருவுக்கே போகல" என்றார் சித்தப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு. அவர் தோள் வெறுமையாக இருந்தது. துண்டில்லாத சித்தப்பா, குடத்தை இறக்கிவைத்த ஆள் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து தெரிந்தார்.

அவளும் சரி என்றுதான் வாயைத் திறந்தாள். அப்போது நூலகப் படிக்கட்டு ஞாபகம் வந்தது. டீ குடித்துக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் ஒரு வாளி. வாளியின் விளிம்பில் ஒரு துணி. தூசி ஒட்டட்டும் என்று ஏதோ எண்ணெய் தடவியிருந்த, பழுப்பேறிய துணி. புது அறையையும் அந்த அம்மாதான் துடைப்பாள். அவளுக்கு முன்னால் ஒரு பலகையை வைத்து மீட்டர் கணக்குச் சொல்ல முடியுமா? அவள் போனால் இன்னொருத்தி வருவாள், இன்னொரு துணியோடு.

"அம்மா, ஏழாவது வேண்டாம்" என்றாள்.

"என்னது?"

"யாரும் தொடாத வரைக்கும் நல்லா இருக்கிறதுக்குப் பேரு நிலைக்கிறது இல்லம்மா. எங்க சித்தப்பா துண்டுக்கு முன்னாடி நிக்கிற பூச்சு எதுவோ, அதை அனுப்பலாம். இன்னும் ஒன்பது நாள் இருக்கு."

முதலாளியம்மா நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி அவளைப் பார்த்தாள். "ஒன்பதாவது நாள் கையில ஒண்ணும் இல்லன்னா?"

"ஏழாவதை அனுப்புங்க. நான் வாயே திறக்கல."

"அண்ணன் என்ன சொல்றீங்க?"

சித்தப்பா நிமிர்ந்தார். "நான் என்னம்மா பண்ணணும்?"

"வழக்கம்போலத் துடைக்கணும் சித்தப்பா. மனசாரத் துடைக்கணும். ஒரு பலகைக்கு இருநூறு தடவை."

*

அந்த ஒன்பது நாளும் கலவை அறையில் தேய்ப்பு மிஷினுக்கு விடுமுறை. காலையில் சித்தப்பா ஸ்டூலைப் போட்டு உட்காருவார். முதல் நாள் கை கூசியது. பலகையைத் தொடவே பயந்து, ஈ ஓட்டுகிற மாதிரித் துண்டை வீசினார்.

"இப்படித்தான் துடைப்பீங்களா? அன்னைக்குப் படியில நின்னு இழுத்தீங்களே!"

"அது தெரியாமச் செஞ்சது. தெரிஞ்சு செய்யறதுக்கு வர மாட்டேங்குது பாப்பா."

அவள் யோசித்தாள். "பீரோவுக்கு முன்னாடி தலை சீவிட்டுப் போன கதையைச் சொல்லுங்க."

அவ்வளவுதான். கதை ஓட ஆரம்பித்ததும் கை தானாக வேகம் பிடித்தது. எந்தக் கல்யாண வீட்டுக் கட்டில், எந்த டாக்டர் வீட்டுக் கதவு, எந்த மழையில் பூச்சு பாலாகத் திரிந்து ஒரே ராப்பகலில் சுரண்டி மறுபடி அடித்தது என்று கதை போய்க்கொண்டே இருந்தது. அவள் கோடு போட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். நூற்றெண்பது, நூற்றெண்பத்தொன்று. கொக்கி ஒவ்வொரு தடவையும் தவறாமல் விழுந்தது.

பிறகு பலகையைச் சோப்பு நீரில் கழுவி, காயவைத்து, மீட்டரை வைப்பாள். அங்கேதான் உண்மை வெளியே வந்தது. பொடி போட்ட கலவைகளில் மெழுகு கழுவியபின்னும் மினுமினுப்பு போகவில்லை. மெழுகுக்கு அடியில் மலைகளே தேய்ந்திருந்தன. மீட்டர் ஏழு, எட்டில் நின்றது. மிஷினின் கம்பளி மென்மையானது, ஒரே எடையில் போய்வருவது. சித்தப்பாவின் கையில் முப்பது வருட அழுத்தம். மணிகள் கலந்த பத்தாவது கலவை மட்டும், கழுவியதும், ஆறுக்கு இறங்கியது. அவள் அந்த ஆறையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மணிகள் அமுங்கி நிமிர்கின்றன. ஆனால் அவை பதிந்திருக்கும் வார்னிஷ் மெத்தென்று இருக்கிறது. சில மணிகள் பிடி விட்டுப் போகின்றன.

ஹார்ட்னரைக் கூட்டினாள். வார்னிஷ் இறுகியது, கூடவே மினுமினுப்பும் ஏறியது. மணிகளைக் கூட்டினாள். பூச்சு பால் மாதிரி மங்கி, மரத்தின் வரிகளை மறைத்தது. மணியைக் குறைத்து, ஒரே பூச்சுக்குப் பதிலாக மெல்லிய இரண்டு பூச்சாக அடிக்கச் சொன்னாள். சித்தப்பா ஸ்ப்ரே கன்னின் வாயை மாற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பனி இறங்குகிற மாதிரி அடித்தார். காற்றழுத்தத்தை எவ்வளவு குறைக்கலாம் என்று அவரே இரண்டு மூன்று பழைய தகரங்களில் அடித்துப் பார்த்துக்கொண்டார். அது அவள் கேட்டு நடந்ததில்லை.

எட்டாவது நாள் மத்தியானம், பதினாறாவது கலவை. இருநூறு இழுப்பு. சோப்பு நீர். உலர்த்தல். இரண்டு பேரும் மீட்டருக்கு மேல் தலையோடு தலை முட்டக் குனிந்தார்கள்.

நான்கு.

"இன்னொரு தடவை வை" என்றார் சித்தப்பா, மீட்டர் மேல் நம்பிக்கையில்லாமல்.

நான்கு.

"துண்டைக் குடுங்க, நான் ஒரு அம்பது போடுறேன்" என்று அவள் வாங்கித் தேய்த்தாள். கழுவினாள். நான்கு. சித்தப்பா பலகையை வாங்கிச் சாய்த்துச் சாய்த்துத் தன் முகத்தைத் தேடினார். நெற்றி இல்லை, மீசை இல்லை, மரத்தின் வரி மட்டும் ஆற்று மணலில் காற்று போட்ட கோடு மாதிரி அமைதியாக இருந்தது.

"என்னைத் தெரியவே இல்லன்னுடுச்சு" என்றார். வருத்தமாகத்தான் சொல்ல நினைத்தார் போல. குரல் வேறு மாதிரி வந்தது.

இருபத்தைந்தாம் தேதி நூலகருக்கு முன்னால் பெருக்கித் துடைக்கும் அம்மாவின் கையில் அந்தப் பலகையைக் கொடுத்து, அவளுடைய எண்ணெய்த் துணியாலேயே துடைக்கச் சொன்னாள். அந்த அம்மா முதலில் வெட்கப்பட்டு, பிறகு வஞ்சனையில்லாமல் தேய்த்தாள். கழுவிக் காட்டியதும் நூலகர் மீட்டரைக் கேட்கவே இல்லை. "பன்னிரண்டும் எப்போ வரும்?" என்றார்.

*

ஒன்றாம் தேதிக்குள் எட்டு மேசைகள்தான் முடிந்தன. அவசரப்பட்டால் இரண்டாவது பூச்சு முதல் பூச்சோடு சண்டை போடும் என்று சித்தப்பா பிடிவாதமாக நின்றுவிட்டார். மீதி நான்கின் இடம் அறையில் காலியாகவே இருந்தது. எட்டும் நிரம்பி, இரண்டு பேர் ஜன்னல் திண்டில் உட்கார்ந்து காத்திருந்ததால், யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை.

முதல் சனிக்கிழமை அவள் அரைநாள் வேலை முடித்து நூலகத்துக்கு வந்தபோது, வாசிப்பறை வாசலில் சித்தப்பா நின்றிருந்தார். உள்ளே போகவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால், வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் மாதிரி, கோத்துக்கொண்டிருந்தார். தோளில் துண்டு இருந்தது.

"சும்மா இந்தப் பக்கமா வந்தேன்" என்றார் அவளிடம். "தொடல."

உள்ளே, அறையின் முதல் மேசையில் அவன் உட்கார்ந்திருந்தான். யாரோ ஒரு பெண்மணிக்கு உருப்பெருக்கியை நிறுத்திக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தவன், இரண்டு பேரையும் பார்த்தான்.

"மாமா, ஏன் வெளியவே நிக்கிறீங்க? உள்ள வாங்க. இந்த மேசையில ஒரே தூசி."

"ஏன் மாப்பிள்ளை வம்பு?"

"நான்தான் இந்த அறைக்குப் பொறுப்பு. துடைச்சுக் குடுக்கச் சொல்லி உத்தரவு."

சித்தப்பா அவளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். அவர் மெதுவாக உள்ளே போனார். துண்டை உருவினார். இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. கடைசியில் மணிக்கட்டு மேலே சுண்டியது. அந்தச் சுண்டலில் கொஞ்சம்கூடப் பயம் இல்லை.

அவன் கன்னம் மரத்தில் படுகிற அளவுக்குக் குனிந்தான். இடது ஓரத்திலிருந்து, ஒரு வரி தவறாமல், பார்த்துக்கொண்டே வந்தான். கொக்கி விழுந்திருக்க வேண்டிய இடத்துக்கு வந்து, அங்கே கொஞ்சம் தாமதித்தான்.

"என்ன மாப்பிள்ளை, ஏதாவது தெரியுதா?"

"லேசா. ஒரு துளி." அவன் பக்கத்தில் வைத்திருந்த சோப்பு நீர்த் துணியால் அந்த இடத்தை ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி குனிந்தான். "இப்போ இல்ல."

"ஒண்ணுமே இல்லையா?"

"மரம் இருக்கு மாமா."

சித்தப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கூட இன்னும் ஏதாவது கேட்பார்கள் என்பது போல் ஒரு நிமிடம் நின்றார். பிறகு அடுத்த மேசையைப் பார்த்து, அங்கே படித்துக்கொண்டிருந்தவரிடம், "கொஞ்சம் புத்தகத்தைத் தூக்கிக்கிறீங்களா?" என்று மெல்லக் கேட்டார்.

அவன் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். பாதியில் விட்ட பக்கத்தைத் தேடி எடுத்தான். வடக்கு ஜன்னலின் வெளிச்சம் மேசை முழுவதும் விழுந்து, விழுந்த இடத்திலேயே தங்கியது. படிக்கத் தொடங்குவதற்கு முன், யோசிக்காமல், வீட்டுக்குள் நுழைந்தவன் செருப்பைக் கழற்றுகிற மாதிரி, அவன் தொப்பியைக் கழற்றி மேசை மேல் வைத்தான். அதற்குக் கீழே, மரப்பரப்பில், இன்னொரு தொப்பி தலைகீழாகத் தெரியவில்லை.